பத்துமலைக்குப் பிள்ளைகளோடு ஒரு ரயில் பயணம்

தைப்பூசத்திற்கு முதல் நாள் இரவு பல இல்லங்களில் விளக்கு அணைய நெடுநேரம் ஆகிறது. மஞ்சள் ஆடைகள் மடித்து வைக்கப்படுகின்றன. பால்குடத்திற்குரிய செம்பு புளியிட்டுத் துலக்கப்படுகிறது. மறுநாளைய புளிச்சோற்றுக்கு அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருக்கிறது. விரதம் காப்பவர், நேர்த்திக்கடன் செலுத்துபவர், துணைக்குச் செல்பவர் என்று பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளுக்கு மட்டும் எந்த வேலையும் இல்லை. போகும் வழியெல்லாம் ரயிலிலும், அதன்பின் பல மணி நேரம் கூட்டத்திலும் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு.

எண்ணிப் பாராமல் புறப்படுவதன் விளைவை ஆண்டுதோறும் பத்துமலை அடிவாரத்தில் காணலாம். அழுகையை நிறுத்தாத குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி ஒரு தாய், படியேறாமலேயே கீழே நின்றுவிடுகிறார். பல நாள் விரதமிருந்து பால்குடம் எடுத்த கணவரோ, மேலே குகைக்குள் நின்றுகொண்டு கீழே விட்டுவந்தவர்களை நினைத்துத் தவிக்கிறார். இதைவிடப் பெரிய இழப்பு பின்னால் வருகிறது. ஆறு வயதில் பத்துமலை என்றாலே வெயில், பசி, அதட்டல் என்று மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளை, பதினாறு வயதில், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அன்றைக்கு வருந்திப் பயனில்லை.

தண்டவாளமும் தைப்பூசமும்

பத்துமலைக்குக் காரில் செல்வோர் சாலை நெரிசலில் அகப்பட்டு, எங்கோ தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு ரயிலே ஏற்றது. தம்பின், சிரம்பான், நீலாய், காஜாங் வட்டாரத்தினர் வண்டி மாறாமல் ஒரே கொமுட்டர் ரயிலில் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். கிள்ளான் பக்கத்திலிருந்தும் ரவாங் பக்கத்திலிருந்தும் வருவோர் கோலாலம்பூரில் ஒருமுறை மாறி ஏற வேண்டும். தைப்பூச நாள்களில் கூடுதல் ரயில்கள் விடப்படுவதால், அவ்வாண்டுக்குரிய நேர அறிவிப்பை முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதைய பத்துமலைக் கொமுட்டர் நிலையம் 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது. ஆயினும் செந்தூலிலிருந்து அங்குச் செல்லும் கிளைப்பாதை பழையது. மலையடிவாரக் குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வருவதற்காக ஏற்பட்ட பாதை அது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே தைப்பூசத்திற்கென்று அதில் சிறப்பு ரயில்கள் ஓடியிருக்கின்றன. மலாயாவின் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியபோது, அந்தப் பாதையைப் போட்ட கைகளில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்களின் கைகளும் இருந்தன. பின்னர் நாடெங்கும் தண்டவாளம் நீண்டபோது கட்டை சுமந்தவர்களிலும், கொடி காட்டியவர்களிலும், நிலைய அதிகாரிகளாய் அமர்ந்தவர்களிலும் தமிழர் ஏராளம். செந்தூல் ரயில்வே பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளும் அவர்களால் நிறைந்திருந்தன. தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ ரயில்வேயில் வேலை செய்த குடும்பமாயின், அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்வதற்குச் செந்தூலைக் கடக்கும் நேரத்தைவிட நல்ல நேரம் வேறில்லை.

நிலையப் பெயரே விளையாட்டு

நீலாயிலிருந்து பத்துமலை வரை ஏறக்குறைய இருபது நிலையங்கள் உள்ளன. பெரியவர்களுக்கு அவை வெறும் நிறுத்தங்கள். பிள்ளைகளுக்கோ அவை ஒரு பையில் போட்ட இருபது கோலிக்குண்டுகள்.

பாங்கி, காஜாங், செர்டாங், சாலாக் செலாத்தான் என்று வரிசையாக வரும் பெயர்களை மனப்பாடம் செய்து, அடுத்தது எது என்று முந்திச் சொல்பவருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் போதும். ஐந்து வயதுக் குழந்தையும் போட்டிக்கு வந்துவிடும். மலாய் படிக்கும் பிள்ளைகளை, அவற்றின் பொருளைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லும்படி கேட்கலாம். பண்டார் தாசேக் செலாத்தான் என்பது தெற்கு ஏரி நகரம் ஆகிறது. பத்தாங் பெனார் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உண்மைத் தண்டு' என்று வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காஜாங்கில் அப்பாவுக்குச் சாத்தே நினைவு வரும். விரத நாளில் அதைச் சொல்லி அவரைச் சீண்டுவதும் ஒரு விளையாட்டுத்தான்.

செந்தூலைத் தாண்டியபின் விளையாட்டு சூடுபிடிக்கும். பத்து கெந்தோன்மென், கம்போங் பத்து என்று அடுத்தடுத்து 'பத்து' வருகிறது. மலாயில் பத்து என்றால் கல். பத்து ஆற்றின் பெயரை ஒட்டியே அம்மலைக்குப் பெயர் வந்தது. தமிழ்ப் பிள்ளைக்கோ அது ஓர் எண். தமிழகத்தின் அறுபடை வீடுகளோடு மலேசியாவின் கல்லுமலை, தண்ணீர்மலை, சன்னாசிமலை மூன்றையும் சேர்த்து எண்ணினால் பத்தாவதாக வருவது இம்மலை என்று பெரியவர்கள் சொல்லிவரும் கணக்கு உண்டே! அதை விரல் விட்டு எண்ணச் செய்யலாம். ஆறு படைவீடுகளையும் தடுமாறாமல் சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சன்னல் ஓரம் இடம் கிடைத்த பிள்ளைக்கு வெளியே பார்க்க நிறைய உண்டு. நீலாய், பாங்கிப் பக்கத்துச் செம்பனை வரிசைகளைக் காட்டி, முன்பு அங்கெல்லாம் பால்மரங்கள் நின்றதையும், விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் சென்றதையும் பாட்டிமார் சொல்வார்கள். கடைப் பலகைகளில் 'கெடாய்' என்ற சொல்லைத் தேடி எண்ணலாம். நம் 'கடை'யே மலாயில் அவ்வாறு ஆயிற்று என்று சொன்னால் பிள்ளையின் கண்கள் விரியும். கோலாலம்பூர்ப் பழைய நிலையத்தில் வண்டி நிற்கும்போது, 1910-இல் எழுந்த அக்கட்டடத்தின் வளைவுகளையும் குவிமாடங்களையும் பார்த்துவிட்டு, "இது அரண்மனையா?" என்று கேட்காத குழந்தை இல்லை. ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது அது. 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்படும் வரை நாட்டின் தலைமை நிலையமாக விளங்கியது அதுவே.

இவை அனைத்தும் இடம் கிடைத்தால்தான். தைப்பூச நாளில் பெரும்பாலும் நின்றுகொண்டே செல்ல நேரும். நிற்கும் பெரியவர்களிடையே அகப்பட்ட குழந்தைக்குத் தெரிவதெல்லாம் இடுப்புகளும் பைகளும் மட்டுமே. காதால் ஆடும் விளையாட்டுகள் அப்போது கைகொடுக்கும். சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலி ஒன்று. விடுகதை மற்றொன்று. பழைய விடுகதை தீர்ந்துவிட்டால் புதிதாகக் கட்டலாம்: "காலில்லாமல் கோலாலம்பூர் போவான், வாயில்லாமல் ஆயிரம் பேரை விழுங்குவான், வலிக்காமல் எல்லாரையும் வெளியே விடுவான், அவன் யார்?" ரயிலுக்குள் நின்றுகொண்டு இதைக் கேட்டால் விடை உடனே வந்துவிடும், வரட்டும், குழந்தை வெல்வதில் குறையில்லை. உட்கார இடம் கிடைத்தால் சதுரக் கட்டம் போட்ட ஒரு கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடத் தொடங்கும் சிறுமி அரை மணி நேரம் தலை நிமிரமாட்டாள். ரயில் ஆடும்போது கோடு கோணும். அதையும் சேர்த்துத்தான் கோலம்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை அமைதியாகிவிடும் என்பது உண்மைதான். அந்த அமைதியில் செம்பனையும் போகிறது, குவிமாடமும் போகிறது, பாட்டியின் குரலும் போகிறது. பத்துமலையில் இறங்கும்போது மின்கலமும் தீர்ந்துபோகிறது. ஒருவரையொருவர் தேடி அழைக்க வேண்டிய இடத்தில் அழைக்க வழியில்லாமல் ஆகிறது. கைப்பேசி திரும்பும் பயணத்திற்கு இருக்கட்டும்.

நீலாய் நடைமேடையில்

சில ஆண்டுகளுக்கு முன் நீலாயைச் சேர்ந்த ஒரு குடும்பத்திற்கு நேர்ந்ததை இங்குச் சொல்லலாம். தாய், தந்தை, எழுபது வயதைக் கடந்த பாட்டி, எட்டு வயது மகள், இரண்டு வயது மகன் என ஐவர். பூசத்தன்று காலை நடைமேடை நிரம்பி வழிந்தது. வண்டி வந்ததும் பாட்டியும் பேத்தியும் கூட்டத்தோடு உள்ளே தள்ளப்பட்டார்கள். சிறுவனின் தள்ளுவண்டியை மடக்க முயன்ற தந்தையும், பால்குடத்தைப் பற்றியிருந்த தாயும் வெளியே நின்றார்கள். கதவு மூடியது. பாட்டியின் கைப்பேசி தாயின் தோள்பையில் இருந்தது.

பாட்டிக்கு மலாய் எழுத்துப் படிக்கத் தெரியாது. உதடு நடுங்கத் தொடங்கியது. பேத்தி மட்டும், "பாட்டி, பயப்படாதீங்க. அடுத்தது பத்தாங் பெனார்தான். அங்க இறங்கி நின்னா அப்பா வந்துடுவாங்க" என்றாள். முதல் நாள் இரவு படுக்கையில் அவளும் தந்தையும் நிலையப் பெயர்களைச் சொல்லி விளையாடியிருந்தார்கள். யாராவது பிரிந்துபோனால் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அந்த விளையாட்டில் தந்தை சேர்த்த விதி. பிரிவது யார் என்பதில் அவள் தம்பியையே எண்ணியிருந்தாள்.

பத்தாங் பெனார் சிறிய நிலையம். இருவரும் இறங்கி ஒரு நாற்காலியில் அமர்ந்தார்கள். பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு பொட்டலம் கச்சான் இருந்தது. கைக்குள் பருப்பை மூடிக்கொண்டு ஒத்தையா இரட்டையா ஆடத் தொடங்கினார்கள். தோற்றவர் கச்சானை இழக்க வேண்டும். வென்றவர் அதைத் தின்னலாம். அடுத்த ரயில் வர அரைமணி நேரத்திற்கு மேலாயிற்று. கதவில் தொற்றியபடி நடைமேடையைத் துழாவிக்கொண்டு வந்த தந்தையின் கண்ணில் முதலில் பட்டது, காலடியில் சிதறிக் கிடந்த கச்சான் தோல்தான். அவர் இறங்கி ஓடி வந்தபோது மகள், "கொஞ்சம் இருங்கப்பா, பாட்டி இன்னும் கையைத் திறக்கலை" என்றாளாம். தாய் அங்கேயே அழுதுவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் பூசத்திற்குத் தள்ளுவண்டி எடுத்துச் செல்வதில்லை. 272 படிகள் உள்ள இடத்தில் அதற்கு என்ன வேலை? இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு நீளமான துண்டு போதும். பாட்டியின் கைப்பேசி பாட்டியின் மடியிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் பேனாவால் எழுதப்படுகிறது. தண்ணீர் பட்டால் அழியும் என்பதால் சட்டைப் பைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. 2010 முதல் கொமுட்டரில் மகளிருக்கெனப் பெட்டி ஒதுக்கப்பட்டிருப்பதையும் மறக்கலாகாது. தாய் ஒரு பெட்டியிலும் தந்தை ஒரு பெட்டியிலும் ஏறும் நிலை வந்தால், எந்தப் பிள்ளை யாரோடு, இறங்கியபின் எங்கே சேர்வது என்று ஏறுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உணவு பற்றியும் ஒரு சொல். ரயில் பெட்டிக்குள் உண்ணக் கூடாது. ஆகவே ஏறுமுன் நடைமேடையிலேயே பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிவிட வேண்டும். புளிச்சோற்றுப் பொட்டலத்தை இறங்கியபின் பிரிக்கலாம். மலைப்படிகளில் வாழைப்பழமோ தேங்காயோ கையில் தெரியக் கூடாது. அங்குள்ள குரங்குகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பறித்துவிடும். பிள்ளைக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

மலை தெரிகிறது

தாமான் வாயு நிலையத்தை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் காண்பவர் "அரோகரா" என்று குரல் கொடுக்கலாம். பெட்டியில் உள்ள மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ரயிலில் வருவோருக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்படுவது பச்சை நிற அனுமன் சிலை. ஏறக்குறைய 50 அடி உயரம். அதன் அருகில் இராமாயணக் குகை. அங்கே சற்று நின்று பிள்ளைகள் மூச்சு விட்டபின் மேலே நடக்கலாம். அடுத்து 2006-இல் திறக்கப்பட்ட, 140 அடி உயரமுள்ள பொன்னிற முருகன் சிலை. குழந்தை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். பார்த்து முடிக்கும் வரை கையைப் பிடித்து இழுக்காதிருப்பது பெற்றோர் செய்யக்கூடிய உதவி.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது பிள்ளைகளுக்கு இயல்பாக வரும். தமிழிலேயே எண்ணச் சொல்ல வேண்டும். நூறைத் தாண்டியபின் தடுமாறும் பிள்ளைகளே அதிகம். இருநூற்று எழுபத்திரண்டு வரை தவறாமல் எண்ணி முடித்த பிள்ளைக்கு அது தேர்வில் வென்றது போல. 1920-இல் மரப்படிகளாக இருந்து, பின்னர் சிமெண்டுப் படிகளாகி, 2018-இல் பல வண்ணங்கள் பூசப்பட்ட படிகள் இவை. வண்ணம் பூசியது சரியா என்று பெரியவர்கள் அப்போது வாதிட்டார்கள். பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் வாதம் விரைவில் முடிந்திருக்கும். வழியில் கரும்புத் தொட்டிலில் கைக்குழந்தையைச் சுமந்து ஏறும் பெற்றோரைக் காட்டி, "உன்னையும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்" என்று சொல்ல முடிந்தால் நல்லது. எந்தப் படியில் அழுதேன், யார் முன்னால் பிடித்தார்கள் என்று கேள்விகள் வரும். பதில் சொல்லிக்கொண்டே ஏறினால் குகை வாசல் வந்துவிடும். அலகுக் காவடிகளைக் கண்டு அஞ்சும் பிள்ளையை வற்புறுத்திப் பார்க்கச் செய்வது வேண்டாம். அடுத்த ஆண்டு தானாகப் பார்க்கும்.

1891-இல் கே. தம்புசாமிப் பிள்ளை இக்குகையில் வழிபாட்டைத் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து இங்குத் தைப்பூசம் நடந்துவருகிறது. அவர் நிறுவிய கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பூசத்திற்கு முன்னதாக இரவில் வெள்ளி ரதம் புறப்படுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர், எல்ஆர்டியில் பசார் செனி நிலையத்திற்கு வரலாம். கெலானா ஜெயா தடத்து வண்டிகளுக்கு ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடி அருகே நிற்க இடம் கிடைத்த பிள்ளைக்குத் தானே வண்டியை ஓட்டுவதாக எண்ணம். சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு வரை காவடியோடு நடப்போரைக் காணச் செல்லும் பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு உண்டு; 2003-இல் திறக்கப்பட்ட வடகிழக்குத் தடத்தில் ஃபேரர் பார்க் வரை முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே போகலாம்.

திரும்பும் பயணம் வேறு வகை. பத்துமலை கடைசி நிலையம் ஆதலால், பொறுமையாக வரிசையில் நின்றால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு. முடி காணிக்கை கொடுத்த குழந்தை இருந்தால் தலைக்கு ஒரு துணி கட்டாயம் வேண்டும். வெயிலிலிருந்து நேராகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நுழையும்போது, சந்தனம் பூசிய மொட்டைத் தலைக்குக் குளிர் தாங்காது. விளையாட்டு எதுவும் தேவைப்படாது. தூங்க விடுவதே போதும்.

நீலாய்ப் பாட்டியும் பேத்தியும் இன்றும் பூசத்திற்கு ரயிலிலேயே சென்று வருகிறார்கள். திரும்பும்போது நிலையப் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்ல வேண்டும் என்பது பேத்தியின் ஏற்பாடு. பெரும்பாலும் செந்தூல் தாண்டுவதற்குள் அவள் பாட்டியின் தோளில் சாய்ந்து உறங்கிவிடுகிறாள். பாட்டி நிறுத்துவதில்லை. மிட்வேலி, செபூத்தே, சாலாக் செலாத்தான் என்று ஒவ்வொன்றாக மெல்லச் சொல்லிக்கொண்டே வருகிறார். பத்தாங் பெனார் வந்ததும் நடைமேடையில் இருக்கும் அந்த நாற்காலியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தது நீலாய் என்று பேத்தியைத் தட்டி எழுப்புகிறார்.